காதில் விழுந்ததும் மனத்தில் நின்றதும்

என் பெரியப்பா வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். தாம் வேலை பார்த்த பிர்க்காவில் எந்த சர்வே எண் யாருடைய பட்டாவில் இருந்தது, எந்த வாய்க்கால் தண்ணீருக்கு யார் யார் பாத்தியதை கொண்டாடினார்கள் என்பதையெல்லாம், ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும், ஒரு காகிதத்தையும் புரட்டாமல் சொல்லக்கூடிய ஞாபகசக்தி வாய்த்தவர். அப்படிப்பட்டவர் குடலிறக்கத்துக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சை நிபுணரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "டாக்டர் என்ன சொன்னார் பெரியப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணும் பெரிசா இல்லடா. ஹெர்னியாதானாம். வலை மாதிரி ஏதோ வச்சுத் தைப்பாராம். பயப்படாதீங்கன்னார்" என்றார். "வேறே?" "மாத்திரையை நிறுத்தணுமாம்." "எந்த மாத்திரையை?" அவர் ஒரு கணம் தயங்கினார். "அதான், அந்தச் சின்ன மாத்திரை."

அந்தச் சின்ன மாத்திரை எது என்பதில்தான் விபரீதம் ஒளிந்திருந்தது. அவர் நாள்தோறும் விழுங்கிவந்தவை மூன்று: சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒன்று. நிறுத்தச் சொன்னது கடைசியாகக் குறித்ததை. ரத்தம் எளிதில் உறையாத உடம்பில் கத்தி வைத்தால் கசிவை அடக்குவது கடினம். பெரியப்பாவோ ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதைச் சிரத்தையாகச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். குறித்த நாள் காலையில் நர்ஸ் ஒருவர் கேட்ட கேள்வியில் இது வெளிப்பட்டு, ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. டாக்டர் தாம் தெளிவாகச் சொன்னதாகச் சொன்னார்; அது உண்மை. பெரியப்பா தாம் கவனமாகக் கேட்டதாகச் சொன்னார், அதுவும் உண்மை. வாசலில் அரைகுறையாக விசாரித்துவிட்டு, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்ட நானும் அந்தப் பிழையில் பங்காளி. சொன்னவர் சொல்லியிருக்க, கேட்டவர் கேட்டிருக்க, அந்த வார்த்தை இடைவழியில் எங்கே போயிற்று என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விசாரம்.

மறதியை அளந்து பார்க்க முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். அர்த்தமற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே நெட்டுருப்போட்டு, இருபது நிமிஷம், ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு மறுபடி கற்று, எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு நினைவில் தங்கியது என்று கணக்கிட்டு, 1885-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதும், அதற்குப் பிறகே மறதியின் வேகம் தணிகிறது என்பதும் அவர் கண்ட முடிவுகள். நோயாளிக்கு டாக்டரின் சொற்கள் அர்த்தமற்ற அசைகள் அல்லவே என்று சொல்லத் தோன்றும். ஆனால் 'மெஷ்', 'லேப்ராஸ்கோப்பி', 'ஸ்பைனல்', 'ஃபிட்னெஸ்' என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து அடுத்தடுத்து வந்து விழும் சொற்கள், அவற்றை முதல் தடவையாகக் கேட்கும் ஒருவருக்கு, எபிங்ஹவுஸின் அசைகளுக்கு அதிகத் தூரத்தில் இருப்பவை அல்ல. பெரியப்பாவின் சர்வே எண்கள் நிலைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வரப்பும் ஒரு மனிதரும் ஒரு தகராறும் இருந்ததுதான். புதிய செய்தி பழைய அனுபவத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டால் தங்குகிறது. மாட்ட இடமில்லாதது உதிர்ந்துவிடுகிறது.

அதோடு, மனம் ஒரே சமயத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1956-இல் அந்த எல்லையை ஏழு என்றும், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் மதிப்பிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதுகூட அதிகம், நான்கைந்துதான் என்று குறைத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்திய ஆலோசனையிலோ, நோயின் பெயர், செய்யப்போகும் முறை, அதற்கு மாற்றாக உள்ள முறைகள், மயக்க மருந்தின் வகை, நேரக்கூடிய ஆபத்துகள், நிறுத்த வேண்டிய மாத்திரைகள், விட்டுவிடக் கூடாத மாத்திரைகள், பட்டினி கிடக்க வேண்டிய நேரம், கொண்டுவர வேண்டிய ரிப்போர்ட்டுகள், கட்ட வேண்டிய பணம் என்று பத்துப் பன்னிரண்டு சங்கதிகள் ஒரே மூச்சில் வருகின்றன. டாக்டர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவிகிதம் வரை உடனடியாகவே மறக்கப்படுகிறது என்றும், நினைவில் நின்றதாக நோயாளி நம்புவதிலும் ஏறக்குறையப் பாதி பிழையானது என்றும், இத்துறையின் ஆராய்ச்சிகளைத் திரட்டி 2003-இல் எழுதிய நெதர்லாந்து நாட்டு ராய் கெஸல்ஸ் குறிப்பிடுகிறார். இரண்டாவது பகுதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மறந்தவர் மறுபடி கேட்பார்; தவறாக நினைவு வைத்திருப்பவர் கேட்கமாட்டார். பெரியப்பா கேட்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக வருவது பயம். அச்சம் கொண்ட மனம் தன் கவனத்தைக் குறுக்கிக்கொண்டு, அபாயம் எங்கே தெரிகிறதோ அங்கேயே கண்ணை நாட்டி, சுற்றியுள்ள மற்றவற்றைக் கைவிட்டுவிடுகிறது. புலியைக் கண்டவனுக்கு அது நல்ல ஸ்வபாவம். டாக்டர் எதிரே அமர்ந்தவருக்கு அதுவே கேடு. 'கட்டி' என்ற ஒரு சொல் காதில் விழுந்த பிறகு, அடுத்த ஐந்து நிமிஷம் சொல்லப்பட்டது எதுவும் காதுக்குள் போகவில்லை என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்த 40 பெண்களுக்கு, எக்ஸ்ரே முடிவை ஒரு டாக்டர் விளக்குவதுபோல் வீடியோப் படம் காட்டினார்கள். சொற்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒரு படத்தில் டாக்டரின் முகத்தில் கவலை தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை. கவலை முகத்தைப் பார்த்த பெண்கள் நிலைமை மிக மோசம் என்று எண்ணியதோடு, சொல்லப்பட்டதில் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். அவர்களுடைய நாடித்துடிப்பும் வேகமாக இருந்தது. டாக்டரின் புருவம் சற்றே நெரிவதுகூட நோயாளியின் ஞாபகத்தில் கை வைக்கிறது என்பது எவ்வளவு பெரிய பொறுப்பை அந்த முகத்தின் மேல் சுமத்துகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயத்தைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தே நினைவை அழிக்கும் விசித்திரமும் உண்டு. மிடசோலாம் போன்ற மருந்துகளை ஊசிமூலம் ஏற்றிய பிறகு, நோயாளி விழித்திருப்பார், கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வார், தலையாட்டுவார். ஆனால் அந்த நேரத்தில் நடந்த எதையும் மூளை ஏட்டில் பதிப்பதில்லை. மறுநாள் கேட்டால், அப்படியொரு உரையாடல் நடந்ததாகவே அவருக்குத் தெரியாது. ஆதலால் அந்த ஊசிக்குப் பிறகு சொல்லும் அறிவுரை எதுவானாலும், எழுதிக் கொடுக்காவிட்டால், தண்ணீரில் எழுதியதேயாகும்.

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த ஆராய்ச்சி 1976-இல் நியூயார்க்கின் மாண்டிஃபியோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ராபின்ஸன், மெராவ் என்ற இரண்டு சஸ்திர சிகிச்சை நிபுணர்கள், இருதய ஆபரேஷனுக்கு வந்திருந்த 20 பேரிடம் நோயையும் சிகிச்சையையும் ஆபத்துகளையும் விரிவாகப் பேசி, அந்தப் பேச்சு முழுவதையும் டேப் ரிகார்டரில் பதிவு செய்து வைத்தார்கள். நான்கு முதல் ஆறு மாதம் கழித்து, குணமாகி வந்திருந்த அதே மனிதர்களிடம், அன்று என்ன பேசினோம் என்று கேட்டார்கள். ஒருவராலும் முழுமையாகச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பெரும் பகுதி மறைந்துபோயிருந்தது. சிலர், இன்ன ஆபத்தைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை என்று உறுதியாக மறுத்தார்கள். டேப்பில் அந்தப் பேச்சு பிசகில்லாமல் பதிவாகியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. டேப் இல்லாதிருந்தால், ஏமாற்றப்பட்டதாக எண்ணும் நோயாளியும், நன்றி கெட்டவர்கள் என்று எண்ணும் டாக்டரும், இருவருமே மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல், ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு பிரிந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நடக்கும் சச்சரவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த டேப் ரிகார்டர் என் நினைவுக்கு வருகிறது.

கையெழுத்து வாங்கிய படிவம் இருக்கிறதே என்றால், அதன் யோக்கியதையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. பென்ஸில்வேனியாவில் 200 புற்றுநோயாளிகளிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட ஒரு நாளைக்குள் விசாரித்தபோது, 60 சதவிகிதத்தினருக்கே சிகிச்சையின் நோக்கமும் தன்மையும் புரிந்திருந்தன. படிவத்தைக் கவனமாகப் படித்தவர்கள் 40 சதவிகிதத்தினர் மட்டுமே. 1980-இல் வெளியான கணக்கு இது. சட்டமும் மெல்ல மெல்ல இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2008-இல், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் கிடந்த ஒரு பெண்ணின் கருப்பையைத் தாயாரின் சம்மதத்தின் பேரில் அகற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, போதிய விவரம் அறிந்து நோயாளியே தரும் சம்மதம்தான் சம்மதம் என்று நிலைநாட்டிற்று. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல், புரியாத சாஸ்திர விவரங்களை நோயாளி மேல் கொட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பதால் டாக்டரின் கடமை தீர்ந்துவிடாது என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் எப்படிச் சொல்வது? இதற்கு விடை தேடி ஆயுளைச் செலவிட்டவர் ஃபிலிப் லே என்ற ஆங்கில மனோதத்துவ அறிஞர். 1960-களிலிருந்து அவரும் சகாக்களும் நோயாளிகளை டாக்டர் அறையிலிருந்து வெளிவந்ததும் நிறுத்தி விசாரித்துச் சேர்த்த அனுபவம் எளிமையானது, ஆனால் விலைமதிப்பில்லாதது. முதலில் சொன்னது நன்றாக நிற்கிறது. முக்கியம் என்று நோயாளி கருதுவது நிற்கிறது. நோயின் பெயர் நிற்கிறது. செய்ய வேண்டிய காரியங்கள்தாம் எல்லாவற்றையும்விட எளிதில் மறந்துபோகின்றன. நம் டாக்டர்களின் வழக்கமோ, நோயைப் பற்றி ஆரம்பித்து, ஆபரேஷனைப் பற்றி விவரித்து, நோயாளி எழுந்து நாற்காலியைத் தள்ளும்போது, "அப்புறம், அந்த மாத்திரையை அஞ்சு நாள் முன்னாடி நிறுத்திடுங்க" என்று வாசல்வரை துரத்திச் சொல்வது. மறக்கக் கூடாததை, மறப்பதற்கு எது உத்தமமான இடமோ அங்கே வைக்கிறார்கள்.

லே கண்ட மற்றொரு உபாயத்தை அவரும் தோழர்களும் 1973-இல் வெளியிட்டார்கள். சொல்லப்போகும் விஷயங்களை வகைப்படுத்தி, அந்த வகைகளின் பெயரை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒவ்வொரு வகைக்குள் நுழையும்போதும் அந்தப் பெயரை மறுபடி உச்சரித்தால், நினைவில் நிற்பது கணிசமாகக் கூடுகிறது என்று கண்டார்கள். தமிழில் அது இப்படி இருக்கும்: "ஐயா, இப்ப நாலு விஷயம் சொல்லப்போறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க என்ன செய்யணும்கிறது ஒண்ணு. உங்க உடம்புக்கு என்ன, நாங்க என்ன செய்யப்போறோம்கிறது ரெண்டு. அதிலே என்ன தொந்தரவு வரலாம்கிறது மூணு. வீட்டுக்குப் போனப்புறம் எதுக்குப் பயந்து எங்களைக் கூப்பிடணும்கிறது நாலு. முதல்லே, நீங்க செய்யவேண்டியது." இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் இருப்பதால்தான் அடுப்படியில் இருட்டிலும் கை சரியான இடத்துக்குப் போகிறது.

காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் கட்டளை இன்னும் ஆழமாகப் பதிகிறது. "காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது" என்றால், காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? விடியற்காலையில் அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, வெறும் வயிறு என்று மனப்பூர்வமாகச் சொல்பவர்கள் உண்டு. மூச்சுக்குழாய்க்குள் அந்நியப் பொருள் புகாமல் இருமலாலும் விழுங்கலாலும் காத்து நிற்கும் அனிச்சைச் செயல்கள் மயக்க மருந்தில் உறங்கிவிடுகின்றன. அப்போது இரைப்பையில் உள்ளதும் அதன் அமிலமும் மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிரசவ மயக்கத்தில் இப்படி நேர்ந்ததைக் கர்டிஸ் மெண்டெல்ஸன் என்ற நியூயார்க் டாக்டர் 1946-இல் விவரித்தார். பால் வயிற்றில் திரண்டு மெதுவாகவே ஜீரணமாவதால், பால் கலந்த காபியும் உணவாகவே கணக்கிடப்படுகிறது. பொதுவாக லேசான உணவுக்கு ஆறு மணி நேரமும், தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி என்பது விதி. இதைக் கேட்ட ஒருவர் ஆபரேஷன் நாள் காலையில் காபியை நாடமாட்டார்.

எண்களை எவ்வாறு சொல்வது என்பதும் சிறிய விஷயம் அல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தால் நூறு பேரில் 90 பேர் பிழைத்து எழுகிறார்கள் என்று ஒரு சாராரிடமும், நூறு பேரில் 10 பேர் இறக்கிறார்கள் என்று மற்றொரு சாராரிடமும் சொல்லிக் கேட்டபோது, இரண்டும் ஒரே கணக்காக இருந்தும், மரணத்தைக் கேட்டவர்கள் ஆபரேஷனை அதிகமாகத் தவிர்த்தார்கள். அவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். மக்நீலும் ட்வெர்ஸ்கியும் மற்றிருவரும் 1982-இல் நடத்திய பரிசோதனை அது. ஆகவே இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். படங்களின் சக்தி அதைவிட ஆச்சரியமானது: பீட்டர் ஹவுட்ஸ் என்பவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், காதால் மட்டும் கேட்ட வைத்திய அறிவுரைகளில் 14 சதவிகிதமே நின்றது, எளிய கோட்டுச் சித்திரங்களோடு கேட்டவற்றில் 85 சதவிகிதம் நின்றது. பரிசோதிக்கப்பட்டவர்கள் இருபத்தொரு கல்லூரி மாணவர்கள் என்பதையும், அவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். இருந்தாலும் ஒரு காகிதத்தின் முதுகில் பேனாவால் குடலையும் வலையையும் வரைந்துகாட்டும் டாக்டரின் அரை நிமிஷம் வீணல்ல என்பது நிச்சயம்.

இவை எல்லாவற்றிலும் எளிதும், எல்லாவற்றிலும் அரிதாகக் கையாளப்படுவதும் ஒன்று உண்டு: நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வது. "புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டால் நம் நாட்டில் வரும் பதில் ஒன்றே: "சரிங்க டாக்டர்." அது புரிந்ததற்கு அடையாளம் அல்ல, மரியாதைக்கு அடையாளம். பெரியவர்கள் முன்னால் புரியவில்லை என்று சொல்ல நாணுவது நம் ரத்தத்தில் ஊறியது. கேள்வியை மாற்றிவிட்டால் அந்த நாணத்துக்கு வேலை இருக்காது. "வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாங்க, டாக்டர் என்ன சொன்னார்னு. என்ன சொல்வீங்க? நான் ஒழுங்கா விளக்கினேனான்னு பார்த்துக்கறேன்" என்றால், பரீட்சை டாக்டருக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஏழு ஆஸ்பத்திரிகளில், 575 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், இப்படித் திருப்பிச் சொல்லவைத்தவர்களின் புரிதல் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. உயர்ந்தது சிறிதளவே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிறிதளவுக்குள் என் பெரியப்பாவின் மாத்திரை போன்றவை அடங்கியிருக்கக்கூடும். அதற்காகச் செலவானதோ சில நிமிஷங்கள்.

நமக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் வீடுகளில் ஆபரேஷன் விவரம் பெரும்பாலும் நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. மகனுக்கோ மருமகனுக்கோ சொல்லப்படுகிறது. கத்தி படப்போகும் உடம்புக்கு உரியவர், குறிப்பாகப் பெண்ணானால், பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கிறார். உறவினர் உடனிருப்பது பெரும் துணை. இரண்டு காதுக்கு நான்கு காது நல்லது. நோயாளியை ஒதுக்கிவிட்டு அவருடைய இரண்டு காதையும் வெளியிலேயே வைப்பது எந்த நியாயத்திலும் சேராது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, கண்புரை ஆபரேஷனுக்கு வருபவர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து பேசுவதையே உத்தியோகமாகக் கொண்டவர்களாக ஆக்கியது. டாக்டருக்கு நேரமில்லை என்ற முறையீட்டுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த மறுமொழி அது.

விளக்கிச் சொல்வதன் பலன் ஞாபகத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில், லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் சகாக்களும், வயிற்று ஆபரேஷனுக்கு இருந்த 97 பேரில் 46 பேரிடம் முந்திய இரவே சென்று, விழித்ததும் எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், தசைகளைத் தளரவிட்டால் எப்படிக் குறையும், எப்படிப் புரண்டு படுப்பது என்றெல்லாம் சொல்லி, ஆபரேஷனுக்குப் பின்னும் வந்து நினைவூட்டினார்கள். யாருக்குச் சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்படவில்லை என்பது அறுத்த டாக்டர்களுக்குத் தெரியாது. 1964-இல் வெளியான முடிவு இது: அறிந்திருந்தவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறையப் பாதியாயிற்று, அவர்கள் மற்றவர்களைவிட சராசரி 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். எதிர்பார்த்திருந்த வலி வேறு. இருட்டில் வந்து தாக்கும் வலி வேறு.

பெரியப்பாவுக்கு இரண்டாம் தேதி குறித்தபோது, அன்று கேள்வி கேட்டுத் தடுத்த அதே நர்ஸ் அவரை எதிரே உட்காரவைத்து, மூன்று மாத்திரை அட்டைகளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி, "எதை நிறுத்தணும், தொட்டுக் காட்டுங்க ஐயா" என்றார். பெரியப்பாவின் விரல் மறுபடியும் ரத்தக் கொதிப்பு அட்டைமேலேயே போய் நின்றது. நர்ஸ் சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. சரியான அட்டையை எடுத்து, அதன் முதுகில் சிவப்பு மையால் வட்டமிட்டு, நிறுத்த வேண்டிய தேதியை எழுதி, "இது ரத்தத்தைத் தண்ணியா வைக்கிற மாத்திரை, இது உள்ளே இருந்தா அறுத்த இடம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லி, அதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது.

வாசகரே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படித் தேதி குறித்திருந்தால், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அனுமதித்தால் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விடைபெற்று எழுமுன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள்" என்று நோயாளியையே சொல்லவையுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளும் நல்ல டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.